2012-ல் சேர்த்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

இந்தக் கம்ப்யூட்டரை 2012-ல் நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். இன்டெல் ஐ5-2400 பிராசசர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், அப்புறம் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு ஸ்க்ரூவும் என் கையால் முடுக்கியது. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று தெரிந்தபோது, விண்டோஸ் 11-க்குப் போகவும் வழியில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தது. அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசசராவது வேண்டும், என்னுடையது 2-ம் தலைமுறை. நல்லா ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஓஎஸ்ஸின் (ஆபரேட்டிங் சிஸ்டம்) 22.1, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். எட்டு மாதமாக இதுதான் என் தினசரி கம்ப்யூட்டர்.

சுருக்கமாக என் முடிவு: ஓஎஸ் அருமை. கிட்டத்தட்ட எல்லாச் சிரமமும் பழைய பாகங்களால் வந்ததுதான். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் கேபினெட்டுக்குள்ளே நடந்த வேலையைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் என் நேரமும் அங்கேதான் போனது.

முதலில் ஏன் மின்ட், ஏன் எக்ஸ்எஃப்சிஇ என்பது. மின்ட் மூன்று முகங்களோடு (டெஸ்க்டாப் தோற்றங்களோடு) வருகிறது, சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று. மூன்றில் எக்ஸ்எஃப்சிஇ-தான் இலேசானது. பார்க்கப் பளபளப்பாக இருக்காது, ஆனால் கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு எதுவும் புதிதாகத் தெரியாது. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 என்கிற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது, பழைய பிராசசர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள்) பழைய பிராசசர்களை இப்போது ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. உதாரணமாக ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள பிராசசரைக் கேட்கிறது, அது இன்டெலில் 2013-ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. என் ஐ5-2400-ல் அது கிடையாது. மின்ட் 22 அப்படி எதையும் கேட்பதில்லை, 64 பிட் பிராசசராக இருந்தால் போதும். 32 பிட் மட்டும் தெரிந்த பழைய மெஷினாக இருந்தால் கதை வேறு. உபுண்டு மேல் கட்டிய மின்ட்டில் 19.3-தான் 32 பிட்டுக்கும் வந்த கடைசி வரிசை, டெபியன் என்கிற டிஸ்ட்ரோகூட 2025 ஆகஸ்டில் வந்த 13-ம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஸ்டால் செய்வதற்கு முன் கேபினெட்டைத் திறந்தது நான் செய்த மிகச் சரியான காரியம். சிபியு விசிறிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்து, காற்று போக வழியே இல்லாமல் அடைத்திருந்தது. பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சும்மா இருக்கும்போதே 70 டிகிரி காட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்க்கில் நான்கு கால்கள் இருக்கும், தலையில் அம்புக்குறி போட்டிருக்கும் திசையில் திருகினால் பிடி விடும், அப்புறம் மேலே இழுக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு சிறு துளி புது பேஸ்ட் வைத்தேன். திரும்ப மாட்டும்போது ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் முதலில் அழுத்திவிடக் கூடாது, எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும், இல்லையென்றால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு காலுக்கும் "டக்" என்று சத்தம் வரும். நான்காவது சத்தம் கேட்ட பிறகு கேபினெட்டை நிமிர்த்தி, மதர்போர்டின் பின்பக்கம் நான்கு கறுப்பு முனைகளும் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்தேன். பழையபடி மாட்டி ஓடவிட்டதும் சூடு 45-க்கு இறங்கியது. எந்த ஓஎஸ் போட்டிருந்தாலும் இதைச் செய்யாமல் அந்த மெஷின் வேகமாக ஓடியிருக்காது, சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ரேமை 8 ஜிபி ஆக்க, பழைய 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். சேர்த்ததும் மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது, நீளமாக, விட்டுவிட்டு பீப் சத்தம். ரேம் செத்துவிட்டதோ என்று பயந்துபோனேன். உண்மையில் பழைய ரேமின் தங்கப் பற்களில் கறை ஏறியிருந்தது, அவ்வளவுதான். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் தானாக மூடும்வரை அழுத்தியதும் சரியானது. அதோடு விடாமல் மெம்டெஸ்ட்86+ என்கிற ரேம் சோதனைப் புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். ரேமில் கோளாறு இருந்துவிட்டால் இன்ஸ்டால் பாதியில் நிற்கும், இல்லையென்றால் முடிந்த பிறகு காரணமே இல்லாமல் உறையும், நாம் லினக்ஸைத் திட்டிக்கொண்டிருப்போம்.

மதர்போர்டு பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரன்ட் துண்டித்து மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் திரையில் சிமாஸ் செக்சம் எரர் என்று வந்து, எஃப்1 அழுத்தச் சொல்லும். வருடக்கணக்காக அதை அழுத்தியே பழகியிருந்தேன். அந்தச் சின்ன சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் மட்டும் போகாது, பயாஸில் நாம் செய்த எல்லா அமைப்பும் போய்விடும். எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பது போகும், சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) புதிய ஏஹெச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்குத் திரும்பிவிடும். லினக்ஸ் ஐடிஇ-யிலும் பூட் ஆகிவிடும் என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது, டிஸ்க் மட்டும் கொஞ்சம் மந்தமாக ஓடும். பேட்டரியை மாற்றி, ஏஹெச்சிஐ வைத்து, சேமித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டேன்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள். இந்த ஒன்றில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஹெச்61 போர்டில் சாட்டா வேகம் விநாடிக்கு 3 ஜிகாபிட்தான், அதாவது நடைமுறையில் 300 எம்பிக்கும் கீழே, அதனால் எஸ்எஸ்டி போட்டுப் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஹார்டு டிஸ்க்கின் பிரச்சினை சுழலும் தட்டில் முள் அங்கும் இங்கும் ஓடித் தேடுவதில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டிக்கு அந்தத் தேடலே இல்லை, பழைய சாட்டா போர்ட்டிலும் அந்த வித்தியாசம் முழுசாகக் கிடைக்கும். என் ஹார்டு டிஸ்க்கில் லைப்ரஆபிஸ் முதல் முறை திறக்க எண்ணிக்கொண்டே காத்திருப்பேன், இப்போது கிளிக் செய்த கை எடுப்பதற்குள் வந்து நிற்கிறது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடவில்லை. மின்ட்டோடு வரும் டிஸ்க்ஸ் என்கிற புரோகிராமில் அதன் ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைப்பது) பார்த்தேன், ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) பூஜ்யம் என்று காட்டியது, அதனால் பேக்கப்புக்கு வைத்துக்கொண்டேன். அந்த எண் கூடிக்கொண்டே போகிற டிஸ்க்காக இருந்தால் அதை நம்பாதீர்கள்.

ஐஎஸ்ஓ (மின்ட்டின் இன்ஸ்டால் ஃபைல்) இறக்குவது, பென்டிரைவில் எழுதுவது எல்லாம் எளிது, எழுத விண்டோஸில் ரூஃபஸ், எங்கேயும் எச்சர் என்கிற புரோகிராம் போதும். ஆனால் எழுதுவதற்கு முன் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பை (ஃபைல் பிழையில்லாமல் இறங்கியதா என்று பார்ப்பது) செய்யுங்கள். மின்ட்டின் இணையதளத்திலேயே அந்த நீண்ட எண் இருக்கிறது, ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டியதுதான். பென்டிரைவை நான் முதலில் முன்பக்கத்து யூஎஸ்பி 3 துளையில் செருகி, பூட் மெனுவில் அது வரவேயில்லை என்று அரை மணிநேரம் தேடினேன். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி 3 தனிச் சிப்பில் ஓடும், பயாஸுக்கு அதிலிருந்து பூட் செய்யத் தெரியாது. பின்பக்கத்து கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளையில் செருகியதும் வந்துவிட்டது. வந்தது ஒரு முறை இல்லை, இரண்டு முறை, ஒன்று வெறும் பெயரோடு, இன்னொன்று முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த புது பூட் முறை) என்று போட்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த முறையில்தான் மின்ட் இன்ஸ்டால் ஆகும். இரண்டுமே ஓடும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் வேறு முறையிலும் உட்கார்ந்துவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒவ்வொரு தடவையும் பயாஸ் மெனுவுக்குள் போக வேண்டியிருக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட் ஆனது. மின்ட்டின் சின்னம் தெரிந்தது, அப்புறம் திரை கறுப்பு. விசிறி ஓடுகிறது, பென்டிரைவ் விளக்கு மினுக்குகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் லினக்ஸை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பிரச்சினை என் பழைய கிராபிக்ஸ் கார்டு. அதற்கான திறந்தமூல டிரைவர் திரையின் அளவை மாற்ற முயலும்போது தடுக்கி விழுகிறது. மறுபடி பூட் செய்து, மின்ட் மெனு வந்ததும் இரண்டாவதாக இருக்கும் காம்பாட்டிபிலிட்டி மோட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அல்லது யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்திருந்தால் முதல் வரியில் நின்று இ எழுத்தை அழுத்தி, கொயட் ஸ்ப்ளாஷ் என்று இருக்கும் இடத்தில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தலாம். கர்னலே (லினக்ஸின் உட்கரு), நீ கிராபிக்ஸ் கார்டைத் தொடாதே, பயாஸ் கொடுத்த படத்தையே வைத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். படம் வந்தது, ஆனால் பெரிய பெரிய எழுத்தாக, மந்தமாக. அது தற்காலிக வழிதான், இன்ஸ்டால் முடிந்த பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து அந்தக் கார்டுக்குச் சரியான டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய கார்டுகளுக்கு இப்போதைய கர்னலில் வேலை செய்யும் டிரைவரே இருக்காது. என் கார்டுக்கும் இல்லை. கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகினேன். ஐ5-2400-க்கு உள்ளேயே இருக்கும் ஹெச்டி கிராபிக்ஸ் 2000-ஐ லினக்ஸ் கேட்காமலே கண்டுகொண்டது, திரை தன் முழு அளவில் பளிச்சென்று வந்தது. விசிறிச் சத்தம் ஒன்று குறைந்தது கூடுதல் லாபம்.

லினக்ஸின் பெரிய வசதி, டிஸ்க்கைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து முழு ஓஎஸ்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது. அவசரப்படாதீர்கள். பாட்டு ஒன்று போட்டுக் காதில் கேட்கிறதா பாருங்கள், கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள், நெட் வருகிறதா பாருங்கள். எனக்கு நெட் வரவில்லை. என்னிடம் இருந்த யூஎஸ்பி வைஃபை குச்சிக்கு 22.1-ன் 6.8 கர்னலில் டிரைவர் இல்லை. வைஃபை குச்சிகளில் வெளியே போட்டிருக்கும் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒரே மாடல் எண்ணில் அடுத்த வெர்ஷன் வரும்போது உள்ளே வேறு சிப் இருக்கும், லினக்ஸுக்கு வேண்டியது அந்தச் சிப்பின் பெயர். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இதற்குச் சுலபமான வழி கையிலேயே இருக்கிறது: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், மின்ட் அதை ஒயர் நெட் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த டிரைவரும் போட வேண்டாம். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். 22.2 வந்த பிறகு அப்டேட் மேனேஜரில் கர்னல் பட்டியலைத் திறந்து 6.14-ஐத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், வைஃபை குச்சியில் நீல விளக்கு எரிந்தது. அந்தக் கணம் கொடுத்த சந்தோஷத்தை என்னால் சொல்லி முடியாது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, விற்றவர்களே மறந்துபோன ஒரு பழைய சிப்புக்கு டிரைவர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு எந்தச் செலவும் இல்லாமல் அது வந்து சேர்ந்திருக்கிறது.

இன்ஸ்டால் என்கிற பகுதி எல்லாவற்றிலும் சின்னது. மொழி, கீபோர்டு, மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று ஒரு டிக் (கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பல வீடியோக்கள் ஓடாது), எந்த டிஸ்க், பெயர், பாஸ்வேர்டு, முடிந்தது. எஸ்எஸ்டியில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, டிஸ்க் தேர்வு. டிஸ்க்கை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய் என்கிற வரி எந்த டிஸ்க்கை அழிக்கும் என்பதில் சந்தேகம் இருந்தால் மேலே போகாதீர்கள். நான் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா ஒயரையே உருவிவிட்டேன். திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிந்தது, தவறு செய்ய வழியே இல்லை. பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கும் சிறு புரோகிராம்) போய் இன்னொரு டிஸ்க்கில் உட்கார்ந்துகொள்ளும் தொல்லையும் இதனால் தவிரும். நாமே சேர்த்த கம்ப்யூட்டரில் இதைச் செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும்.

அதன் பிறகு டைம்ஷிஃப்ட். மின்ட் இதைத் தன்னோடே கொடுக்கிறது, ஓஎஸ்ஸின் நிலையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும், ஏதாவது அப்டேட்டில் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். எஸ்எஸ்டியிலேயே வைத்தால் இடம் நிறைந்துபோகும், அதனால் பழைய ஹார்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அதில் வைத்தேன். அந்த டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருந்தால் டைம்ஷிஃப்ட் ஏற்காது, இஎக்ஸ்டி4-ஆக ஃபார்மேட் செய்ய வேண்டும், அதற்கு முன் அதில் இருக்கும் படங்களையும் ஃபைல்களையும் வேறிடத்தில் எடுத்துவைக்க வேண்டும். டைம்ஷிஃப்ட் காப்பது ஓஎஸ்ஸைத்தான், உங்கள் சொந்த ஃபைல்களை அது தொடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தினசரி ஓட்டம் எப்படி? பூட் ஆகி டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது சுமார் 800 எம்பி ரேம்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி எல்லாம் பிரவுசருக்கு. உண்மையில் 4 ஜிபியிலும் மின்ட் நன்றாகவே ஓடியது, பயர்பாக்ஸில் பத்துப் பன்னிரண்டு டேப் திறக்கும்போதுதான் திணறியது. 8 ஜிபியில் அந்தத் திணறல் இல்லை. யூடியூபில் 1080 வீடியோ ஓடுகிறது, ஆனால் பிராசசர் உழைக்கிறது, ஏனென்றால் யூடியூப் அனுப்பும் விபி9 வடிவத்தை இந்தப் பழைய கிராபிக்ஸால் நேரடியாகப் பிரிக்க முடியாது. ஹெச்.264 வடிவத்திலேயே அனுப்பு என்று யூடியூபிடம் கேட்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, அதைப் போட்ட பிறகு பிராசசர் மேல் சுமை நன்றாகக் குறைந்தது. 4கே வீடியோவை மறந்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. தட்டச்சுக்கு இன்புட் மெத்தட் அமைப்புக்குள் போய் ஐபஸ்ஸும் எம்17என் பொதியும் போட்டால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி என்று பழகிய முறை எதுவானாலும் கிடைக்கும். போட்டுவிட்டு ஒருமுறை லாகவுட் செய்து வர வேண்டும், நான் அதைச் செய்யாமல் வேலை செய்யவில்லையே என்று வெகுநேரம் முழித்தேன். இந்தக் கட்டுரை முழுவதும் தமிழ்99-ல் இதே கம்ப்யூட்டரில் அடித்ததுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ-யின் அமைப்புகள் பல ஜன்னல்களில் சிதறிக் கிடக்கின்றன, மவுஸுக்கு ஒன்று, ஜன்னல் நடத்தைக்கு இரண்டு, பவருக்கு ஒன்று என்று, எது எங்கே என்று பிடிபட சில வாரம் ஆகும். எம்எஸ் ஆபிஸும் அடோபி புரோகிராம்களும் நேரடியாக ஓடாது. லைப்ரஆபிஸில் டாக்ஸ் ஃபைல் திறக்கும், ஆனால் அட்டவணை நிறைந்த ஃபைலில் வரிகள் இடம் மாறும், அலுவலக வேலைக்கு அது ஒத்துவராது என்றால் இதை ஒரே கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளாதீர்கள். புது கேம்களுக்கு வல்கன் என்கிற கிராபிக்ஸ் வசதி வேண்டும், ஹெச்டி கிராபிக்ஸ் 2000-ல் அது இல்லவே இல்லை. பிரின்டர் விஷயம் மாடலைப் பொறுத்தது: நெட்வொர்க்கில் டிரைவர் இல்லாமல் அச்சிடும் புது மாடல்கள் தானாகவே வந்துவிடும், பழைய யூஎஸ்பி பிரின்டர்களில் சில எந்த முயற்சிக்கும் அசையாது.

என்னைக் கேட்டால், 2008-க்குப் பிறகு சேர்த்த 64 பிட் மெஷின், 4 ஜிபி ரேம், ஒரு சின்ன எஸ்எஸ்டி, இவ்வளவு இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தயங்காமல் போடலாம். 2 ஜிபிதான் இருக்கிறது என்றாலும் மின்ட் ஓடும், அவர்கள் சொல்லும் குறைந்தபட்சமே அதுதான், ஆனால் இரண்டு டேப்புக்கு மேல் திறக்க முடியாமல் வெறுத்துப்போவீர்கள், முதலில் ரேமைக் கூட்டுங்கள். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் அதன் விசிறி சுழல்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதை மட்டும் திறக்காதீர்கள், ஒயரை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரன்ட் நிற்கும்.